கைப்பிடியின் அகலம்

லோர்னா சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னதும் பேக்கிங் வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். வயது நாற்பதை நெருங்குகிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே மூச்சு வாங்கும்.

"சீட்டு தாங்குமான்னு கேட்டு வாங்கு" என்றான் டெஸ்மண்ட்.

"உன் பொண்டாட்டி உன்னையே தாங்குறா. சீட்டு என்னைத் தாங்காதா?"

நான் சிரிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். க்ளென் அவளோடு ஆறு வருடம் வாழ்ந்தவன். அவள் அவனை விட்டு வந்த பிறகு ஒவ்வொரு காலையும் எங்கள் பிஸ்கட் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் நிற்க ஆரம்பித்தது. இரவு ஷிப்ட் முடிந்து நாங்கள் வெளியே வரும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். இறங்க மாட்டான், பேச மாட்டான். அவள் ஏறும் பஸ்ஸின் பின்னாலேயே, அவள் வீடு இருக்கும் பர்ன்லி வரை வருவான். அவள் இறங்கி நடந்தால் காரும் நடை வேகத்தில் நகரும். அவள் உள்ளே போய்க் கதவைப் பூட்டியதும் போய்விடுவான்.

போலீஸில் சொன்னாள். புகார் எண் கொடுத்தார்கள். ஏதாவது செய்தால் கூப்பிடச் சொன்னார்கள்.

"செஞ்ச பிறகு கூப்பிடுற நிலைமையில நான் இருப்பேனான்னு கேட்டேன்டா. அந்தப் போலீஸ் பொண்ணு கம்ப்யூட்டரையே பாத்துட்டிருந்தா."

தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிக் கால்வாய் போகிறது. அதன் கரைப்பாதை அவள் குடியிருக்கும் கட்டடத்தின் பின்பக்கம் வரை நீள்கிறது. கார் நுழைய வழியே இல்லை. நடந்தால் நெடுந்தூரம், நடுவில் ஆள் நடமாட்டமும் இருக்காது. சைக்கிள் என்றால் சீக்கிரம் கடந்துவிடலாம். அதற்காகத்தான்.

கம்பெனியில் ஒரு திட்டம் இருந்தது. வேலைக்கு வந்து போக அவர்களே சைக்கிள் வாங்கிக் கொடுத்து, வரி பிடிக்கும் முன்பே சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். வருடம் முடியும்வரை சைக்கிள் கம்பெனியுடையது. நடுவில் வேலையை விட்டால் மிச்சம் முழுவதும் கடைசிச் சம்பளத்திலிருந்து போகும். நானும் கேட்டுப் பார்த்தேன். கிடையாது என்றாள் மனிதவளத் துறையின் பிலிப்பா. கழித்த பிறகு சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாதாம். என் சம்பளமே அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறது. அதாவது சலுகை வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் வசதி வேண்டும். லோர்னா வரிசைக்குப் பொறுப்பாளர். அவளுக்கு அறுநூறு பவுண்டு வரை அனுமதித்தார்கள்.

மெக்கானிகல் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் என்னைக் கூட அழைத்துப் போனாள். திட்டத்தில் சேர்ந்திருந்த கடைகளில் பக்கத்தில் இருந்தது இத்ரீஸுடையது. ஐம்பது வயது மனிதர், வாய் ஓயாதவர். அவளைப் பார்த்ததும் அகலமான நேர் கைப்பிடியும் பருத்த டயரும் உள்ள ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"கால்வாய்ப் பாதைன்னா இதாம்மா. நாற்காலியில உக்காந்த மாதிரி போகலாம்."

லோர்னா கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டிக் பட்டையை எடுத்தாள். பிஸ்கட் பெட்டிகளைக் கட்டும் பட்டை. அதைக் கைப்பிடியின்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி நீட்டிக்கொண்டு நின்றது.

"இது வேணாம்."

"என்னம்மா, தையக்கடைக்கு வந்தாப்ல அளவெடுக்கிறே?"

எனக்குப் புரிந்தது. கரைப்பாதைக்குள் மோட்டார் பைக்குகள் போகாமலிருக்க மூன்று இடங்களில் இரும்புச் சட்டம் நட்டிருக்கிறார்கள். கீழே அகன்று, கைப்பிடி உயரத்தில் குறுகியிருக்கும். அகலமான கைப்பிடி என்றால் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, திருப்பி நுழைக்க வேண்டும். இருட்டில் இறங்கி நிற்க வேண்டும். அந்த இடைவெளியின் அளவைத்தான் வெட்டி எடுத்து வந்திருந்தாள்.

ஆகவே ரோடு சைக்கிள். ஆட்டுக்கொம்புபோல் முன்னால் வளைந்து இறங்கும் கைப்பிடி, மெலிந்த டயர். அறுநூறுக்குள் இரண்டு இருந்தன. ஒன்று இரும்புக் கனம். அதற்கு டிஸ்க் பிரேக் இருந்தது. நான் அதையே எடுக்கச் சொன்னேன். இன்னொன்று போன வருட மாடல், அலுமினியம், கடைசி ஒன்று, அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. விலை குறைத்துச் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

"இதோட பிரேக் மழையில லேட்டாத்தான் பிடிக்கும்" என்றேன்.

"நிக்கறதுக்கா நான் வாங்குறேன்?"

இத்ரீஸ் தலையாட்டினார். "தள்ளுபடி சைக்கிளை அந்தத் திட்டத்துல தர முடியாதும்மா. நடுவுல இருக்கிற கம்பெனி என்கிட்ட கமிஷன் வேற புடுங்குது. எனக்கு நட்டம்."

அவள் சைக்கிளைத் தோளில் தூக்கி, கடையின் பின்னாலிருந்த மாடிப்படியில் ஏறினாள். மேலே போய்த் திரும்பி இறங்கினாள். முகம் சிவந்திருந்தது. அவள் வீடு மூன்றாவது மாடி.

"சரி, எடுத்துக்கோ தாயே. படியிலேருந்து உருண்டுட்டு என்மேல கேஸ் போட்டுடாதே." சிரித்தார். "யார்கூட ரேஸு?"

"யார்கூடவும் இல்ல. வேலைக்குப் போகத்தான்."

அங்கே அவள் க்ளென்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். கடைக்காரரிடம் இதையெல்லாம் எதற்கு என்று இருவரும் வாயை மூடிக்கொண்டோம்.

மட்கார்டு மாட்டி, சைக்கிள் சட்டத்தில் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார் இத்ரீஸ். ஆறு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் இலவசமாகச் சரிபார்த்துத் தருவதாகச் சொன்னார்.

முதல் நாள் காலையில் நான் பஸ்ஸில் போனேன். சாம்பல் கார் வழக்கம்போல் நின்றது. லோர்னா பின்கேட் வழியாகக் கால்வாய்க்கு இறங்கிவிட்டாள். அவள் இல்லாத பஸ்ஸின் பின்னால் கார் பர்ன்லி வரை வந்தது. பின் கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. கணக்குப் போடுகிறவனின் முகம்.

சில வாரங்கள் அப்படியே போயின. பிறகு கார் வருவது நின்றது. லோர்னா எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தாள். டெஸ்மண்டின் முதுகில் தட்டினாள். கார் வராமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் களைத்துப்போகிற ஆள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரிப்பதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பிலிப்பா போட்டோவுக்கு வந்தாள். கம்பெனியின் பேஸ்புக் பக்கத்தில் போட வேண்டுமாம்.

"முகம் வேணாம், பேர் வேணாம்" என்றாள் லோர்னா.

"ஐயோ, சும்மா சைக்கிள் மட்டும்தான். எவ்வளவு அழகா இருக்கு!"

சொன்னபடியே சைக்கிளை மட்டும்தான் போட்டாள். கீழே ஒரு வரி: எங்கள் இரவு ஷிப்டிலிருந்து திட்டத்தில் சேர்ந்த முதல் பெண், இனி கால்வாயோரக் காற்றில் வீடு திரும்புவார். இரவு ஷிப்டில் இருக்கும் பெண்கள் நான்கு பேர்தான். படத்தில் கடை ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிந்தது. அதை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பதினேழு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் சரிபார்க்கக் கொண்டுபோனோம். இத்ரீஸ் சைக்கிளைத் தூக்கி மாட்டி, செயினைச் சுற்றிவிட்டார்.

"உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா. என்ன பொறுமை!"

லோர்னா சிகரெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "யாரு?"

"அதான், க்ளென்னு சொன்னாரே. மூணு வாரமாச்சு, வந்து வாங்கிட்டுப் போயி. போன்ல உன் சைக்கிள் படத்தைக் காட்டி, இதுக்கு ஈடு குடுக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னாரு. இனிமே காலையில சேர்ந்து போகப் போறீங்களாமே? சொல்லிடாதீங்க, திடீர்னு போய் நிக்கணும்னாரு..." அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அடடா, உளறிட்டேனா? இன்னும் காட்டலையா அவரு?"

லோர்னா சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"கைப்பிடி எவ்வளவு அகலம்?" என்று கேட்டாள்.

"அவரோடதா? உன்னோடதைவிட ரெண்டு விரல் கூட இருக்கும். ஏன்?"

அவள் கணக்கிட்டாள். நானும் கணக்கிட்டேன். நுழையும்.

நான்தான் இத்ரீஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து செயினுக்கு மறுபடி எண்ணெய் விட்டார். ஏற்கெனவே விட்டிருந்தார்.

மூன்று வாரம். அவ்வளவு நாளாகவும் அந்தப் பாதையில் எங்கோ அவன் சைக்கிள் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறான். போலீஸுக்குப் போன் செய்தோம். ஒருவர் சைக்கிள் வாங்குவது குற்றமில்லை என்றார்கள். பழைய எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

"வேலையை விட்டுடு. அக்கா வீட்டுக்குப் போ" என்றேன்.

"இந்தச் சைக்கிள் சனியனுக்கு மிச்சத்தைப் பிடிச்சுட்டா கையில ஒண்ணும் வராது. வாடகையை நீ குடுப்பியா?"

நான் என் சம்பளத்தை நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப வாயை மூடு." சைக்கிளை உருட்டியபடி, "பெரிய ரோட்டுலயே போறேன். லாரிக்காரன் கண்ணுக்காவது தெரிவேன்" என்றாள்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து நானும் கூடப் போனேன். வீட்டில் கிடந்த என் பழைய மலைச் சைக்கிளில் காற்றடித்து எடுத்து வந்திருந்தேன். தூறல். வானம் சாம்பலாக வெளுத்துக்கொண்டிருந்தது. லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒவ்வொன்றும் தாண்டும்போது காற்று அவளை ஒரு பக்கம் தள்ளி மறுபடி இழுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆறு வாரத்தில் அவள் காலில் பலம் வந்திருந்தது.

கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் சிக்னலை அவள் மஞ்சளில் கடந்தாள். எனக்குச் சிவப்பு விழுந்தது. கால் ஊன்றி நின்றேன்.

பாலத்துக்கு அப்பால், கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவில் ஒரு சைக்கிள் நின்றது. உயரமான ஆள். ஹெல்மெட், மஞ்சள் சட்டை, முன்னும் பின்னும் விளக்கு. லோர்னா தன்னைக் கடந்து போகும்வரை அசையாமல் நின்றான். பிறகு இடது பக்கம் கையை நீட்டி ஒழுங்காகச் சைகை காட்டி ரோட்டில் சேர்ந்தான். பின்னால் வந்த வேன்காரன் வேகத்தைக் குறைத்து வழி விட்டான். க்ளென் கையை உயர்த்தி அவனுக்கு நன்றி சொன்னான்.

லோர்னாவின் பின்விளக்குக்குப் பின்னால் இன்னொரு சிவப்பு விளக்கு. அவசரமே இல்லாமல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். லாரிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

சிக்னல் மாறவில்லை. குறுக்கே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. பெடலை மிதித்துச் சிவப்பில் இறங்கினேன்.