ஏழு கோட்டு மழை

ஆகஸ்ட் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, இசோகாய் தமோட்ஸு அந்தப் பேனாவைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். மூன்று வாரமாக ஜன்னலைப் பார்த்துக் கிடந்த முன்பக்கமோ, கழுவாமல் போட்ட இரும்புச் சட்டி மாதிரி வெளிறிப் பழுப்படித்திருந்தது. பேனா அவருடையது அல்ல.

அது நிஷிவாகி தொயோஹிகோவின் பேனா. சுமார் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வேலை. கறுப்பு அரக்கு பூசிய உடம்பில், ஈர அரக்கின்மேல் பொன்தூள் தூவிப் பதித்த கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் நிற்கும். அதன்மேல் வெள்ளித்தூளில் மயிரிழை மயிரிழையாக மழை பெய்யும். நிஷிவாகி அதை வாங்கும்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது. குழந்தை குட்டி கிடையாது. இரண்டு வருஷமாக இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. எதையும் ஓரக்கண்ணால்தான் தடவிப் பிடிக்க வேண்டும். பார்க்க முடியாத பேனாவைப் பூட்டி வைத்து என்ன செய்வது, பத்துப் பேர் பார்க்கட்டும் என்று ஹிமேஜியில் இருக்கும் சின்ன அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். அவர்கள் போட்டது ஒரே நிபந்தனை. செய்தவன் கைக்குப் பிறகு வேறு எவன் கையும் அதன் அரக்கில் பட்டிருக்கக் கூடாது. அதற்கு இசோகாயின் வாக்குப் போதும் என்றார்கள்.

கோபேயில் பேனா சேர்க்கிறவர்கள் மத்தியில் இசோகாய்க்கு அப்படி ஒரு பெயர். ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்ற மனுஷன். மூக்கில் கண்ணாடி, சட்டைப்பையில் லென்ஸ். எது அசல், எது பூசி மெழுகியது, எது எவ்வளவு பெறும் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். மரப்பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் அவர் தூரிகையால் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பேனாவுக்கு மதிப்பு. எழுத்தில்லாத பெட்டியில் இருக்கும் பேனா அனாதைப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நிஷிவாகி வீட்டில் வைத்து அந்த நாலு வரியை எழுத வேண்டும். அதற்கு முன்னால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளத்தான் பேனா அவரிடம் வந்திருந்தது.

நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் போதாதா? போதும். ஆனால் மூன்று மணிச் சாய்வெயில் அந்தக் கொக்கின்மேல் விழும்போது மழை நிஜமாகவே பெய்கிற மாதிரி இருக்கும். அதற்காகத் தினமும் ஜன்னலோர மேஜையில் ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு ஆசை தீரப் பார்த்தார். ஆசை தீரவில்லை, எடுத்து உள்ளே வைக்கவுமில்லை. "வெயில்தான்யா அரக்குக்கு எமன்" என்று இருபது வருஷமாகப் பேனாச் சங்கத்தில் ஊருக்கு உபதேசம் செய்தவர் இவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை மூன்று வாரம் தினம் ஒரு விரற்கடை சறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கண் எதிரே நடந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

உடனே போன் செய்தார். அந்த மட்டில் யோக்கியர்தான்.

"கொக்கு எப்படிப்பா இருக்கு?" என்றார் நிஷிவாகி எடுத்த எடுப்பிலேயே.

"அதப்பத்தித்தான்..."

"கேளு முதல்ல. அருங்காட்சியகத்துலேர்ந்து அந்த தொகிவா பொண்ணு இன்னிக்குப் பேசினா. பேனாவுக்குக் கீழ என் பேரு போட்டு அட்டை வைக்கறாங்களாம். எழுத்தைப் பெருசா போடும்மா, ஓரக்கண்ணால நானே படிக்கணும்னு சொல்லிட்டேன். எனக்கப்புறம் என் பேரைச் சொல்ல யாரு இருக்கா? ஒரு கொக்காவது சொல்லட்டும். ஆமா, நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குன்னு கேக்கத்தான்."

போனை வைத்துவிட்டு இசோகாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சொல்லாததற்கு அந்த அட்டை மட்டும் காரணமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் உபுகதா என்கிற பல்வைத்தியர் மங்கின பேனா ஒன்றுக்கு மேலரக்கு பூசி, அதைச் சொல்லாமல் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். இசோகாய் லென்ஸை எடுத்தார், பார்த்தார், நாற்பது பேர் முன்னால் "இது பேனா இல்லை, பொய்" என்று மேஜைமேல் வைத்தார். அந்த மனுஷன் அதற்குப் பிறகு சங்கம் கூடும் மொத்தோமாச்சி பக்கமே வரவில்லை. அப்படிப் பேசின வாயால் இப்போது என்னவென்று சொல்வது?

வியாழக்கிழமை காலை, உடைந்த கிண்ணம் ஒட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் ஒரு குழாய் பச்சை அரக்கு வாங்கினார். மரத்தைக் கீறி எடுத்த பால், பற்பசை மாதிரிக் குழாயில் வருகிறது. அரக்கைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் அவர் ஆயுசில் தொட்டதெல்லாம் காய்ந்து கல்லான அரக்கு. பச்சையை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார். உறை போட்டால் விரலுக்கு நெளிவு தெரியாதென்று வெறுங்கையால் தொட்டார். துணியில் நனைத்து மெல்லத் தடவினார், துடைத்தார். அரக்கு ஈரத்தில்தான் காயும் என்பதால் குளியலறையில் நனைந்த துண்டுகளுக்கு நடுவே அட்டைப்பெட்டியில் வைத்தார். ஏதோ அறுவை சிகிச்சை முடிந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி நாளைக்குப் பத்துத் தடவை கதவைத் திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை பார்த்தால் திட்டுத்திட்டாக நின்றது. மறுபடியும் ஒரு பூச்சு. சனிக்கிழமை மதியம், தொழில்காரர்கள் செய்கிற மாதிரியே, மாவுப்பொடியும் எண்ணெயும் தொட்டு விரல்நுனியால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு எழுந்து வந்தது. அழுகை வந்துவிட்டது அவருக்கு. ஆனால் லென்ஸை எடுத்துப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் விரலிடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. ஞாயிறு விடியும்போது விரலெல்லாம் கொப்புளம். இமை இரண்டும் வீங்கிக் கண் பாதிதான் திறந்தது. பச்சை அரக்கு தொட்டவனை இப்படித்தான் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் படித்துப் படித்துப் பிறருக்குச் சொன்ன விஷயம். திருடனுக்குத் தேள் கொட்டியாயிற்று. வைத்தியரிடம் போக முடியாது, வரவில்லை என்று சொல்லவும் முடியாது; ஹிமேஜியிலிருந்து அந்தப் பெண் ரயில் ஏறியிருப்பாள். பேனாவைப் பெட்டியில் வைத்துத் துணியில் கட்டிக்கொண்டு, சாமி தெரியாத மனுஷன், வழியில் இருந்த கோயிலில் நின்று காசு போட்டுக் கைதட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவைத் திறந்த நிஷிவாகியின் மனைவி ஃபுசாயே வாயில் கை வைத்தாள். "ஐயையோ! இசோகாய் சான், மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு?"

"கானாங்கெளுத்தி மீனு. ஒத்துக்கல."

"மீனா? கையைக் காட்டுங்க. இதென்ன, விரலிடுக்கெல்லாம் கொப்புளமா? மீனைத் தின்னீங்களா, மீனோட கை குலுக்கினீங்களா?"

உள்ளேயிருந்து நிஷிவாகியின் சிரிப்பு கேட்டது. அது பாதியில் நின்றது.

"விரலிடுக்குலயா?" என்றார் அவர்.

"ஆமாங்க. இமையிலகூட. பாவம்."



தொகிவா முன்னமே வந்திருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தாள். "சார், போட்டோல பார்த்ததைவிட நல்லா இருக்கே!" என்றாள். இசோகாய்க்கு அந்த இடத்திலேயே உயிர் போய்த் திரும்பி வந்தது. ஃபுசாயே மை அரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பெட்டி மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"சும்மா ஒரு முறைக்குத்தான் கேக்கறேன் சார். அரக்குல பின்னாடி யாரும் கை வைக்கலையே?"

"வைக்கல" என்றார் இசோகாய்.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தூரிகையை மையில் தோய்த்தார்.

"கொஞ்சம் இருப்பா" என்றார் நிஷிவாகி. "கடைசியா ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன்."

பேனாவை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் கொக்கின் கழுத்துப் பக்கம் குறுக்கே கீறாமல் வருடினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு மூக்கருகே கொண்டுபோனார். பிரிய மனமில்லாமல் முகர்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தொகிவாம்மா, மன்னிச்சுக்கணும். குடுக்க மனசு வரல."

"என்னங்க இது!" என்றாள் ஃபுசாயே.

"வயசானவன் புத்தி. இத்தனை தூரம் வரவெச்சுட்டேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. கெஞ்சிப் பார்த்தாள். "பேனாவோட நிலைமை பத்தி ஏதாவது யோசனையா? எங்ககிட்ட வெயில் பட்டு வெளிறினதுகூட ஆறு பேனா இருக்கு. அதுவும் அது வாழ்ந்த வாழ்க்கைதானேன்னு அப்படியே வச்சிருக்கோம். அதை ஒரு குறையா நாங்க பாக்கறதே இல்லை."

இசோகாய் தூரிகையைக் கீழே வைத்தார். நிஷிவாகி மட்டும் மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டார். கடைசியில் அவள் குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட ஃபுசாயே கூடப் போனாள். நண்பர்கள் இரண்டு பேரும் தனியே உட்கார்ந்திருந்தார்கள்.

"கழுத்துக்குப் பக்கத்துல ஏழு கோடு ஓடும்" என்றார் நிஷிவாகி. "கண்ணு போனப்புறம் தினம் அதைத்தான் எண்ணிட்டிருந்தேன். இப்ப நாலுதான் நகத்துல தட்டுது. மீதி மழை எங்கப்பா?"

இசோகாய் பாயில் நெற்றி பதித்துவிட்டார். வெயில், ஜன்னல், மூன்று வாரம், குளியலறை எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது. "நான் பாவி. நான் பாவி" என்று அழுதார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணினேன். நீ அட்டையைப் பத்திப் பேசின..."

"அப்ப என் மேலதான் தப்புங்கற."

"இல்லப்பா, இல்ல. நான் ஹிமேஜிக்கே போறேன். அவ கால்ல விழுந்து சொல்லிடறேன்."

"சொல்லி? வெயில் அடிச்சதை எடுத்துக்குவா. நீ தேச்சதை எடுத்துக்க மாட்டா. அவ வாயாலயே கேட்டியே."

"அவ எதிர்லயே என் மானத்தை வாங்கியிருக்கலாமே. ஏன் விட்ட?"

நிஷிவாகி பேனாவை மடியில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷப் பழக்கம். உன்னைத் தெருவுல நிறுத்த எனக்கு வாய் வரல. ஆனா நீ 'வைக்கல'ன்னு சொன்ன பாரு, அதைக் கேட்டுட்டேன். அந்தப் பொய்யை என் பேரு போட்ட அட்டைக்கு மேல கண்ணாடிக்குள்ள நிக்கவைக்க என்னால முடியாது" என்றார்.

இசோகாயால் தலையைத் தூக்க முடியவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

நிஷிவாகி கையால் தடவி மூடியைக் கண்டுபிடித்து அவர் பக்கம் தள்ளினார். "மை காயறதுக்குள்ள எழுது. நான் போனப்புறம் இது யார் கைக்கோ போகும். போறவன் ஏமாறக் கூடாது. கொக்கும் மழையும்னு போடு. போட்டியா? இந்த வருஷம், ஆகஸ்ட் மாசம், வெயில் பட்டு மங்கியது. கோபே இசோகாய் தமோட்ஸு மேலரக்கு பூசித் தேய்த்தான். மழைக்கோடு மூன்று அழிந்தது. எழுது."

"உன் பேரு?"

"என் பேரு எதுக்கு? நான் சும்மா வச்சிருந்தவன்."

இசோகாய் எழுதினார். கொப்புளம் உடைந்து தூரிகைக் காம்பு வழுக்கியது. தன் பெயர் வர வேண்டிய இடத்தில் கை நின்றது. எதிரே இருப்பவருக்குக் கண் தெரியாது. 'கோபேயில் ஒருவர்' என்று எழுதினாலும் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்ததே, அதற்காகவே அவருக்குத் தன்னைக் கண்டு குமட்டியது. பெயரை எழுதினார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"படி."

படித்தார். பெயர் வரும் இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது.

"சரியா கேக்கல" என்றார் நிஷிவாகி. "இன்னொரு தடவை படி."