கீழ்ப்புறச் சுவரில் பலகணி ஒன்று

பண்டகசாலைத் தெருவில் இசக்கிசெல்வி வீட்டு மாடி ஜன்னல் ஐம்பது வருடத்தில் மூன்றேகால் அடி வளர்ந்திருந்தது. உயரத்திலோ அகலத்திலோ அல்ல, வெளிப்பக்கமாக, பக்கத்து மனைக்கு மேலே. தூத்துக்குடியில் மனை விலை ஏறிய வேகத்துக்கு இது ஒரு வளர்த்தியே இல்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. வீட்டு வரி போட வந்தவர் மட்டும் இரண்டு தடவை டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, வரியைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போனார்.

காரணம் பத்திரத்தில் இருந்தது. வீட்டைக் கட்டியவர் உடன்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு கருப்பட்டி வியாபாரி. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மூலப்பத்திரத்தில் ‘கீழ்ப்புறச் சுவரில் பலகணி ஒன்று’ என்று, கிழக்குச் சுவரைச் சொல்லி, எழுதிவைத்தார். அன்றைக்குப் பலகணி என்றால் பல கண் உள்ள ஜன்னல். மரப்பலகையில் நாற்பத்தெட்டுத் துளைகள். ஒன்றில் உப்பளம் தெரியும், ஒன்றில் முயல் தீவு, ஒன்றில் அக்கரைக் கொழும்புத் துறை. வியாபாரியின் மனைவி உலை வைத்துவிட்டு மாடியேறி, கொழும்பில் சரக்கு இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்து அரிசி களைவாள். பிறகு வீடு நாலு கை மாறியது. பத்திரம் எழுதுகிறவர்கள் பழையதைப் பார்த்து வரிக்கு வரி அப்படியே எழுதினார்கள். அது அவர்கள் தொழில் வழக்கம். அர்த்தம் பார்த்து எழுத உட்கார்ந்தால் நாளைக்கு ஒரு பத்திரம்கூட முடியாது. ஆகவே உள்ளே சொல் அப்படியே கிடந்தது, வெளியேதான் அதன் அர்த்தம் மாறியது. பேப்பர்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் பால்கனிக்கு நல்ல தமிழ் தேடி, சும்மா கிடந்த பலகணியை எடுத்து அதற்கு வைத்தார்கள். இசக்கிசெல்வியின் மாமனார் வீட்டை வாங்கிய வருடத்தில் துளைகள் ஒன்றோடொன்று கூடிப்போயிருந்தன. மறுவருடம் பலகை ஒரு சாண் வெளியே வந்தது. அப்புறம் தரை வந்தது, கைப்பிடி வந்தது. ஊர் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் கொண்டதோ, அதற்குத் தக்கபடி ஜன்னல் நடந்துகொண்டது. மனிதர்களிடம் இந்த நாணயத்தை எதிர்பார்க்க முடியாது.

இசக்கிசெல்விக்கு அந்தப் பலகணி இல்லாவிட்டால் புருஷன் இல்லை. வேல்ராஜ் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் நிலக்கரி இறக்கியவன். கரி நெஞ்சில் தங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், வீட்டுக்குள் எங்கே உட்கார்ந்தாலும் இளைப்பு வரும். பலகணியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மட்டும் கடல்காற்று நேரே வந்து நெஞ்சைத் திறந்துவிடும். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தபடி சாப்பாடும் அங்கேயே, தூக்கமும் அங்கேயே. மழை வந்தால் இசக்கிசெல்வி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அவன் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

பக்கத்து மனை சிவபாலனுடையது. பெயிண்ட் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். கெட்டவனோடு சண்டை போட்டுவிடலாம், நல்லவரோடு போடுவதுதான் பாடு. பதினாறு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர், ஒருவழியாக மூன்று மாடிக்குப் பிளான் போட்டார். மனைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எடுத்தால்தான் பிளான் பாஸாகும் என்று மாநகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி பிரேமாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

“நாங்க ஒரு செங்கல் வைக்கலையே அண்ணாச்சி. அதுவாத்தான வளந்துச்சு” என்றாள் இசக்கிசெல்வி.

“எனக்குத் தெரியாதா தங்கச்சி? வளந்ததுக்கு நான் குத்தம் சொல்லல. வளந்த இடம் என் இடமாப் போச்சு. நானும் பிள்ளையளை வச்சிக்கிட்டு எத்தன வருசம் வாடகை வீட்ல கெடக்க?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது.

ஆள் வைத்து உடைத்தார்கள். அன்று முழுக்க வேல்ராஜ் கரையில் போட்ட மீனாகத் துடித்தான். இசக்கிசெல்வி விசிறி விசிறிக் கை ஓய்ந்து, இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டாள். விடிந்து பார்த்தால் பலகணி பழையபடி நின்றது, உரிந்த பெயிண்ட் உட்பட. இரண்டாம் தடவை உடைத்தபோதும் அப்படியே. கொத்தனார் கூலியை வாங்கிக்கொண்டு, வெட்டினால் துளிர்க்கிற முருங்கையோடு மல்லுக்கட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு தடவை உடைத்தால் வேல்ராஜ் தாங்கமாட்டான் என்பதை அந்த இரண்டாம் நாளில் சிவபாலன் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். மறுநாள் அவரே ஆட்டோ பிடித்து, இசக்கிசெல்வியைப் பத்திர எழுத்தர் பராங்குசத்திடம் கூட்டிப்போனார்.

பராங்குசம் ஆழ்வார்திருநகரிக்காரர். மூலப்பத்திரத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். “எழுதினதைத்தான் அது பண்றது. அதை உடைச்சு என்ன பிரயோஜனம்? சொல்லை மாத்தணும். பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுடலாம்” என்றார். எந்தச் சொல் என்பதில்தான் சிக்கல். ஜன்னல் என்று எழுதலாம். அது பறங்கிக்காரரோடு கப்பலில் வந்து இந்தக் கடற்கரையில் இறங்கிய சொல், நாலு கம்பியும் இரண்டு கதவும் தரும், எதிரே சுவர் எழும்பினால் சுவரைத்தான் காட்டும். சாளரம் என்றும் எழுதலாம், ஆனால் அது கவிதையிலேயே புழங்கிய சொல். அவர் ஊரில் ஒருவர் ஆசையாக எழுதிக்கொண்டார், அந்த வீட்டுக்கு நிலா வெளிச்சம் மட்டும்தான் வருகிறது, பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. பராங்குசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“காலதர்னு ஒண்ணு இருக்கு. கால்னா காத்து, அதர்னா வழி. ரெண்டாயிரம் வருஷப் பழசு. ஆனா ஒண்ணு, வெளிச்சம், வேடிக்கை, இதைப் பத்தி அந்தச் சொல்லுல ஒரு பேச்சும் கிடையாது. யோசிச்சுக்கோங்கோ.”

“இந்தக் காலத்துல அது வேலை செய்யுமா சாமி?”

“எழுதிப் பார்த்தவா யாரும் இல்லையேம்மா” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வேல்ராஜ் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அந்தக் கப்பல்களைப் பார்ப்பது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் என்பது அவளுக்குத் தெரியும். கையெழுத்து வாங்க எடுத்த பேனாவை அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“பேனாவைத் தா ஏளா” என்றான் அவன். “கப்பல் எங்க போயிரப் போவுது? மூச்சுதான் போயிரும்.”

திங்கட்கிழமை பதிவு முடிந்தது. அந்தச் சொல் கம்ப்யூட்டரில் இல்லாததால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்து எழுத்தாகத் தட்டினார்கள். அவர்கள் ஆட்டோவில் வீடு திரும்புவதற்குள் பலகணி உள்வாங்கியிருந்தது. கைப்பிடி, தரை ஒன்றும் இல்லை. நாற்காலி அறைக்குள் கிடந்தது. சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஓர் இருட்டு ஓட்டை. சாயங்காலம் அதன் வழியாகக் காற்று வந்தது. இசக்கிசெல்விக்கு அப்போதும் நிம்மதி இல்லை, சிவபாலனின் சுவர் இன்னும் எழும்பவில்லையே.

ஆறு மாதத்தில் எழும்பியது. ஓட்டையை ஒட்டிக் கல் வைக்கும் நாளில் சிவபாலன் கடைக்குப் போகாமல் சாரத்தின் கீழேயே நின்றார். கடைசிக் கல்லை வைத்ததும் இந்தப் பக்கம் காற்று நின்று அறை கம்மென்று ஆனது. இசக்கிசெல்வி வேல்ராஜின் நெஞ்சில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்தது. இந்த மனுசனை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்து அவள் அழுதாள். நாலு மணிக்குக் காற்று செங்கல்லைத் தாண்டி வந்தது, வேல்ராஜின் மூச்சு சீரானது. ஒரு வாரம் அதில் சிமெண்ட் வாசம் இருந்தது, அவ்வளவுதான். தனக்கு ஒரு வழி உண்டு என்று பதிவாகியிருக்கும்போது நடுவில் கல் இருக்கிறதா என்று காற்று பார்க்கவில்லை.

தை மாதம் சிவபாலனின் புதுவீட்டுப் பால்காய்ப்பு. மாடிக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை நாற்காலிக்கு நடுவே, கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரைக்கும், ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. பந்தல்காரரின் கோணல் என்று நினைத்து, இசக்கிசெல்வி இலைக்காகக் காத்திருந்தபடி அதன் நடுவில் நின்றாள். பிரேமா சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, இங்கன நிக்காதிய. வேல்ராஜ் அண்ணாச்சிக்குக் காத்து போற நேரம்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். குறுக்கே ஓடிய ஒரு குழந்தையை யாரோ தூக்கி மடியில் வைத்தார்கள். இசக்கிசெல்வி சுவரோரம் ஒதுங்கினாள். காற்று கிழக்கேயிருந்து வந்து, விட்டிருந்த இடத்தில் நேரே நடந்து, மேற்குச் சுவருக்குள் போயிற்று.