கோர்தோபாவுக்கு மூன்று பேர்

கோர்தோபாவுக்குப் போகலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தவளே ரஃபயேலாதான். நாட்டின் தெற்கே அவள் பிறந்த ஊர் அது. ஒன்பது வயதில் அப்பாவோடு வடக்கே சாந்தோன்யா துறைமுகத்துக்கு வந்தவள். நெத்திலி ஆலையில் முப்பத்தோரு வருடம் உப்பு மீனுக்கு முள்ளெடுத்த பிறகும் தெற்கத்திப் பேச்சு அவள் நாக்கைவிட்டுப் போகவில்லை. அதே மேசையில் அவளோடு முள்ளெடுத்தவர்கள் உர்சுலா, எலாதியா, நியேவெஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நால்வரும் வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது பழைய ஊருக்குப் போய், மூன்று நாள் சுற்றிப் பார்த்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

போன வருடம் புர்கோஸில்தான் சிக்கல் ஆரம்பித்தது. ரஃபயேலாவின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. இருபது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பேராலயத்தைப் பூட்டிவிட்டார்கள். திரும்பும் பேருந்தும் போய்விட்டது.

இந்த மார்ச்சில், ரஃபயேலா இல்லாத ஒரு மாலை, காபிக்கடையில் எலாதியா பேச்சைத் தொடங்கினாள்.

"கோர்தோபா பூரா கூழாங்கல்லு பாவுன சந்துடி. அவளக் கூட்டிட்டுப் போனா ஒரு தெருவப் பாக்குறதுக்குள்ள மே மாசம் முடிஞ்சிரும்."

நியேவெஸ் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கோப்பையைக் குனிந்து பார்த்தாள். "பாவம்டி. அவகிட்ட யாரு சொல்றது?"

"எனக்கு ரத்தக் கொதிப்புன்னு சொல்லிடறேன்," என்றாள் உர்சுலா. "டாக்டர் பயணமே கூடாதுன்னுட்டாரு, இந்த வருஷம் யாரும் எங்கயும் போகலன்னு. மே மாசம் கேட்டா, பில்பாவோல மக வீட்டுக்குப் போறேன், அவ்வளவுதான்."

பொய் அத்தனை சுலபமாக வாயில் வந்ததில் அவளுக்கே ஒரு கணம் திக்கென்றது. எலாதியாவோ மேசையைத் தட்டி, "கெட்டிக்காரி!" என்றாள். அந்தப் பாராட்டு உர்சுலாவுக்குப் பிடித்தும் இருந்தது.

மறுநாள் காலை தொலைபேசியில் ரஃபயேலாவிடம் அதை அப்படியே சொன்னாள். மதியமே கதவு மணி அடித்தது. உர்சுலாவின் வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. வாசலில் ரஃபயேலா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தூக்குப் பாத்திரத்தோடு மூச்சு வாங்க நின்றாள்.

"கோழிச் சாறு. உப்பே போடல. வாய்க்கு ருசிக்காதுதான், மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் குடி."

உர்சுலா குடித்து முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பு எப்போதும் உர்சுலாவுடையது. ரயில், தங்குமிடம், எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அவள் நோட்டுப் புத்தகத்தில்தான் உருவாகும். இந்த முறை அவள் பார்த்து எழுதியது இரண்டு வருடத்துக்கு முன் ரஃபயேலா தன் கையால் எழுதிக் கொடுத்திருந்த தாளை. பழைய மசூதிக்குள் கட்டிய பேராலயத்துக்குக் கூட்டம் சேருமுன் காலை எட்டரைக்கே போய்விட வேண்டும். மே மாதம் ஊர் பார்க்கத் திறந்துவிடும் பூந்தொட்டி முற்றங்களில் ஆற்றுப்பக்கத்து வீடுகளுடையவைதான் அழகு. சதுக்கத்துக் கடையில் நத்தைச் சாறு. தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவலும் தக்காளிக் குளிர்கூழும் அவளுடைய சித்தி மகன் லோரென்சோவின் சாப்பாட்டுக் கடையில். 'வேறெங்கும் தின்றால் உங்களோடு பேச மாட்டேன்' என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

ஒன்பதாம் நாள் மணி அடித்தபோது உர்சுலா அந்தத் தாளை அவசரமாக மேசை விரிப்புக்கு அடியில் தள்ளினாள்.

ரஃபயேலா அதே மேசையில்தான் பாத்திரத்தை வைத்தாள். "முகம் ஏண்டி இப்பிடி வெளுத்திருக்கு? ராத்திரி தூங்கலயா?"

"நீ எதுக்கு இந்தக் காலை வெச்சுக்கிட்டு தினம் ஏறி வர்ற? வராதன்னு எத்தன தடவ சொல்றது?"

"சரி, கத்தாத, கொதிப்பு ஏறிடும். ஒண்ணு சொல்றேன் கேளு. இடுப்பு ஆபரேஷனுக்குப் பேரு குடுத்துட்டேன். இத்தன நாள் பயந்துக்கிட்டு இருந்தேன்ல? நீ படுத்ததப் பாத்ததும்தான் நமக்கெல்லாம் நாள் கம்மின்னு உறைச்சுது. அடுத்த மே மாசம் கோர்தோபாவுல உங்க மூணு பேரையும் முந்திக்கிட்டு நடக்கிறேன் பாரு."

உர்சுலா குனிந்து சாற்றைக் குடித்தாள். விரிப்புக்கு அடியில் இருந்த தாள் முழங்கை பட்டுச் சரசரத்தது.

ரஃபயேலா இறங்கிப் போனதும் உர்சுலா தாளை வெளியே எடுத்தாள். பிறகு, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று நினைத்தோ என்னவோ, லோரென்சோவின் கடைக்குத் தொலைபேசினாள்.

"மூணு பேருக்கு ஒரு மேசை வேணும். மே எட்டாம் தேதி மதியம்."

"எந்த ஊரும்மா? பேச்சு வடக்கத்தி மாதிரி இருக்கே."

"சாந்தோன்யா," என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அட, நம்ம ரஃபயேலாவோட சிநேகிதிங்களா! இருபது வருஷமா வர்றேன் வர்றேன்னு ஏமாத்துறா. மூணுன்னீங்களே, அவளச் சேத்தா?"

"அவளச் சேத்து... நாலு."

"இருங்க, கடைக் கூட்டம் ஓஞ்சதும் அவளுக்குப் போன் போட்டு நல்லாத் திட்டுறேன். ஒரு வார்த்த சொல்லல பாருங்க!"

இணைப்பு அறுந்தது. உர்சுலா மேல்கோட்டுகூடப் போடாமல் படியிறங்கினாள். மீன் சந்தையைக் கடந்து, மழையில் நனைந்தபடி, எதிரே வந்தவர்களின் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் ஓடினாள். லோரென்சோ முந்திக்கொள்ளக் கூடாது. இதையாவது தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

ரஃபயேலா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்த உடம்போட மழையில ஏண்டி..." என்று ஆரம்பித்தவளை உர்சுலா பேச விடவில்லை. கொதிப்பு இல்லை, டாக்டர் இல்லை, மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, பொய்யை யோசித்தது எலாதியா இல்லை, நான்தான் என்று நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்.

ரஃபயேலா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தலையணை உறையை நான்காக மடித்தாள். பிறகு கேட்டாள்:

"உங்க வீட்டுப் படி எத்தனன்னு தெரியுமா உங்களுக்கு? ஐம்பத்தாறு."

உர்சுலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ரஃபா, திட்டுடி. ரெண்டு அடி வேணா போடு. 'உங்க', 'நீங்க'ன்னு பேசாத."

"நான் மெதுவா நடக்குறது எனக்குத் தெரியாதா? 'நீ சதுக்கத்துல உக்காந்து நத்தை தின்னுக்கிட்டிரு, நாங்க சுத்திட்டு வர்றோம்'னு சொல்லியிருந்தா சரின்னிருப்பேன். உன்னால ஆகாது, வராதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தாக்கூட ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். நோயாளி மாதிரி உக்காந்து என் கையால வாங்கிக் குடிச்சீங்களே, அத என்னன்னு எடுத்துக்கிறது?"

அப்போது தொலைபேசி அடித்தது.

ரஃபயேலா எடுத்தாள். "லோரென்சோ!" என்றவளின் குரல் சட்டென்று பண்டிகைக் குரலாக மாறியது. "ஆமாடா, நாலு பேருதான். வாசப்பக்கமா மேசை போடு, எனக்குப் படி ஆகாது." சிரிக்கக்கூடச் செய்தாள். வைத்துவிட்டுத் திரும்பியபோது சிரிப்பு முகத்தில் இல்லை.

"அது எங்க ஊரு. நீங்க பண்ணுனதுக்கு நான் ஏன் போகாம இருக்கணும்? நான் எழுதிக் குடுத்த தாளைக் கொண்டாங்க."

அன்று மாலை ரஃபயேலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலில் பாதியை அடித்தாள். எந்த முற்றத்தில் பெஞ்சு உண்டு, எந்தச் சந்தில் டாக்ஸி நுழையும் என்று சொல்லச் சொல்ல உர்சுலா எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் 'எழுதிட்டீங்களா?' என்று கேட்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள்.

விஷயம் தெரிந்ததும் எலாதியா, "நீயா போய் உளறினியா?" என்று சீறினாள். ஆனால் மறுநாள் நான்காவது டிக்கெட்டைத் தானே எடுத்து வந்து, ரஃபயேலாவின் கையில் கொடுக்கத் துணியாமல் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாள்.

மே ஏழாம் தேதி புறப்பட்டார்கள். மத்ரீத் வரை ரஃபயேலா நியேவெஸ் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். உர்சுலா எதிர் வரிசையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பட்டியலை எடுப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். அங்கே ரயில் மாற வேண்டும். எலாதியாவும் நியேவெஸும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். நடைமேடையில் கூட்டம் இடித்துத் தள்ளியது. ரஃபயேலா நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. உர்சுலாவின் கையைப் பற்றிக்கொண்டாள். அவளுடைய கனம் முழுவதும் உர்சுலாவின் தோளில் இறங்கியது.

"மெதுவா," என்றாள் உர்சுலா. "நேரம் இருக்கு."

"தெரியும். நேரத்தப் பாத்து எழுதச் சொன்னதே நான்தான்," என்றாள் ரஃபயேலா, அவளைப் பார்க்காமல். ஆனால் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரும் வரை கையை எடுக்கவில்லை.