அத்தியாயத்தின் மேல் ஓர் எச்சில் தட்டு

பாடப்புத்தகம் போடும் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘புதுசு’. சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் புதுசுதான். வேலை நிரந்தரமா, மூட்டையைக் கட்டுவதா என்பது இன்று மாலைக்குள் தெரிந்துவிடும். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் அவள். மகளுக்கு வேலை நிலைத்த மறுநாளே ஊரார் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பதைத் தலைமுழுகிவிடுவதாக அம்மா சொல்லியிருந்தாள்.

மேசையில் சமூகவியல் பாடத்தின் அச்சுப்படி கிடந்தது. ‘பண்பாடு’ அத்தியாயம். எங்கும் எழுதிவைக்காத விதிகள்தான் ஒரு சமூகத்தை ஆட்டிவைக்கின்றன, மீறுகிறவரை மற்றவர்கள் முகத்தைத் திருப்பியே வழிக்குக் கொண்டுவருவார்கள் என்று ஒரு பத்தி. அதற்கு ஓர் உதாரணம் எழுதச் சொல்லி இடம் விட்டிருந்தார் முதலாளியான பதிப்பாளர்.

உதாரணத்துக்கு அலைவானேன்? அவர் சாப்பிட்ட தட்டைக் கடைசியாகச் சேர்ந்த பெண் கழுவ வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வாரம் அவள் நிறுத்தினாள். அன்றிலிருந்து அவள் தலையைக் கண்டாலே பேச்சு அறுந்தது. தட்டைப் பழையபடி, அவளுக்கு முன்னால் சேர்ந்து அச்சுப்பிழை திருத்தும் ப்ரூஃப் அக்கா கழுவினாள்.

இன்று பதிப்பாளர் நேராக வந்து தட்டை அச்சுப்படியின் மேலேயே வைத்தார். எண்ணெய் ‘பண்பாடு’ என்ற தலைப்பில் ஊறியது.

“இதைக் கழுவி வச்சிட்டு உள்ள வாம்மா. உன் வேலை விஷயம் பேசிடலாம்.”

“எடுக்க மாட்டேன் சார்.”

“உங்கப்பா தட்டை எடுக்க மாட்டியா? இங்க எல்லாரும் ஒரே குடும்பம்மா.”

“அப்ப என் தட்டை ஒருநாள் நீங்க கழுவுங்க சார்.”

எங்கோ கிளம்பிய சிரிப்பு இருமலாக முடிந்தது. ப்ரூஃப் அக்கா பாய்ந்து வந்தாள்.

“ஒரு தட்டுடி! கழுவினா கை தேஞ்சா போயிடும்?”

“உங்களுக்குத் தேயலையா அக்கா?”

“நானும் புதுசா இருந்தவதான். அழுதுக்கிட்டே கழுவினேன். நீ கழுவாமலே நிரந்தரம் ஆயிட்டா, கழுவின நான் என்ன இளிச்சவாயா?”

“விடுங்கம்மா” என்றார் பதிப்பாளர். “படிச்ச திமிரு. நம்ம ஆபீசுக்கு இது சரிப்பட்டு வராது. நாளையிலேருந்து வர வேண்டாம்.”

கதவு சாத்திக்கொண்டது. அவள் தட்டை நகர்த்திவிட்டு, விட்டிருந்த இடத்தில் பேனா கிழிக்கிற அழுத்தத்தில் எழுதினாள்: ‘ஓர் அலுவலகத்தில் முதலாளியின் எச்சில் தட்டைக் கடைசியாகச் சேர்ந்த பெண் கழுவுவாள். மறுத்தால் அவளை முதலில் வெறுப்பவள், முன்பு கழுவியவள்.’

ப்ரூஃப் அக்கா குனிந்து படித்தாள். காதுமடல் சிவந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு வரியையும் அடித்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கிளம்பியவளைக் குழாய்ச் சத்தம் படிக்கட்டுவரை துரத்தியது. அம்மா நாளைக்கும் பாத்திரம் தேய்க்கத்தான் போவாள். அவளாவது கூலிக்குத் தேய்க்கிறாள்.