கருகினால் மட்டும் காட்டும் பக்கம்

இரத்தோட்டையில் தன் வீட்டுக் கதிரையில் சாய்ந்தபடியே, அலுவிகாரையில் ஒரு தட்டுக் கராம்பைக் கருக்கிய பெருமை நுஹ்மானையே சேரும்.

நிஷ்மியாவின் வீட்டாருக்கு அங்கே கராம்பு காயவைக்கும் ஸ்டோர் இருந்தது. மின்சார உலர்த்தியின் சூட்டை போனில் பார்ப்பதற்கு, சி மொழியில் ஒரு சின்ன வெப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான் நுஹ்மான். கூலி கேட்கவில்லை. கேட்டது வேறு: "எங்கட வீட்டால கலியாணம் பேச வரட்டுமா?" அதற்கு நிஷ்மியா ஒவ்வொரு தரமும் "பார்ப்பம்" என்பாள். அந்தப் 'பார்ப்பம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவனுக்குத் தூங்கவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. சாப்பிட்டான், அது வேறு கதை.

புரோகிராமை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று காலை அவளே அழைத்தாள்.

"போன்ல ஒண்ணுமே வருதில்ல. வெறும் வெள்ளையா இருக்கு."

"சூடு ஏறல்ல போல. கொஞ்சம் கூட்டுங்க," என்றான், நாடி பிடிக்காமலே மருந்து எழுதும் டாக்டர் மாதிரி.

கூட்டினாள். வெள்ளைதான். "இன்னங் கொஞ்சம்" என்றான். கடைசியில் பக்கம் பளிச்சென்று வந்தது: 104. கூடவே புகையும்.

அடுத்த பஸ்ஸில் மடிக்கணினியோடு போய் இறங்கினான். நிஷ்மியா கரிந்த தட்டை அவன் முன்னால் வைத்தாள். அவளுக்கும் சேர்த்து அண்ணன் பவாஸ் பேசினான்.

"மச்சான், சும்மா சொல்லக்கூடா. கருகினா மட்டும் ஒங்கட புரோகிராம் கரெக்டா காட்டுது!"

அது பகிடி இல்லை, உண்மை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. புரோகிராம் சூட்டை ஜேசன் என்ற எழுத்துமுறையில் அனுப்ப, போன் அதை வாசிக்கும். ஜேசனில் முழு எண்ணுக்கு முன்னால் வெறும் பூச்சியம் நிற்கக்கூடாது. நின்றால் போன் அந்தப் பதிலையே தூக்கி எறிந்துவிடும். நுஹ்மானோ எல்லா எண்ணும் மூன்று இலக்கமாக நிற்கட்டும் என்று, 58ஐ 058 என்று எழுத வைத்திருந்தான். வீட்டில் சோதித்தது உம்மாவின் கேக் அடுப்பில். அங்கே 180, ஒரு குறையும் தெரியவில்லை.

"பூச்சியம் எதுக்கு?" என்றாள் நிஷ்மியா.

"வரிசையா, வடிவா நிக்க."

"யாரு பாக்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. மெஷின்தான் வாசிக்கும்."

பவாஸ் சிரித்து முடிய வெகுநேரம் ஆனது. மூன்று இலக்கமாக நிரப்பச் சொன்ன '03' என்ற இரண்டே எழுத்தை நுஹ்மான் அழித்தான். போனில் 31 வந்தது, ஆறிப்போன உலர்த்தியின் சூடு.

"வாப்பா இப்ப வந்துருவாரு," பவாஸ் குரலைத் தாழ்த்தினான். "சிக்னல் போய்ட்டுன்னு சொல்லுவம் மச்சான். இல்லாட்டி ஒங்கட கத முடிஞ்சி."

நல்ல யோசனைதான். நுஹ்மானின் நாக்கு நுனி வரைக்கும் சிக்னல் வந்துவிட்டது. தட்டைப் பார்த்தான்.

"வேணாம். எழுதினதும் நான், கூட்டச் சொன்னதும் நான். வாப்பாக்கிட்ட நானே சொல்றேன்."

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நுஹ்மான் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழும்பினான்.

"நில்லுங்க," என்றாள் நிஷ்மியா. "எனக்குக் கோவம் இருக்கு. கராம்புக்கு. ஆனா எனக்கு விருப்பம். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு ஒங்கட உம்மாவயும் வாப்பாவயும் வரச் சொல்லுங்க."