அந்தப் பக்கம் போனால் குறி மாறும்

தேர்வறைக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடும் படிவத்தில், ‘என் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் எவரும் இந்த அறையில் தேர்வு எழுதவில்லை’ என்று ஒரு வரி உண்டு. அண்ணி எழுதுகிறார் என்று நானே போய்ச் சொன்னேன். தேர்வு அதிகாரி படிவத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணி இந்த லிஸ்ட்லயே இல்லையே சார். போடுங்க கையெழுத்தை.”

போட்டேன். நான் தினமும் கணக்கு நடத்தும் அதே வகுப்பறை. செவிலியர் உரிமத்தைப் புதுப்பிக்க அன்று முப்பது பேர் எழுதினார்கள். மருந்தளவுத் தாளில் ஒரு கணக்குகூடத் தப்பக் கூடாது. மூன்று முறைதான் எழுதலாம். அண்ணிக்கு இது மூன்றாவது. இதிலும் தவறினால் முதலாம் ஆண்டு மாணவிகளோடு போய் உட்கார்ந்து மறுபடி நர்சிங் படிக்க வேண்டும், நாற்பத்தாறு வயதில்.

பதினோரு வருடம் அவர் வேலையை விட்டிருந்தது படுக்கையில் கிடந்த எங்கள் அம்மாவுக்காக. பெற்ற பிள்ளைகள் நானும் அண்ணனும் வேளை தவறாமல் சாப்பிட்டுவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போனோம். அம்மா போன பிறகு, “நான் திரும்ப வார்டுக்குப் போறேன்” என்றார். அதைத் தவிர அவர் எங்களிடம் எதையுமே கேட்டதில்லை.

கணக்கு சொல்லிக்கொடுத்தது நான்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமன்பாட்டுக்கென்று நான்கு வாரம் ஒதுக்குகிறவன், அண்ணிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினேன், அதுவும் கையில் போனோடு. “x-ஐத் தனியா நிறுத்தணும், அவ்வளவுதான். மத்ததை அந்தப் பக்கம் தள்ளுங்க. அந்தப் பக்கம் போனா குறி மாறும்” என்றேன். “ஏன் தம்பி மாறுது?” என்று கேட்டார். “அதெல்லாம் எதுக்கு அண்ணி? பரீட்சைக்கு இது போதும்” என்று சொல்லிவிட்டேன். அந்த வாயைத்தான் நான் தைத்திருக்க வேண்டும்.

ஏழாவது கேள்வி: ஐந்நூறு மில்லி குளுக்கோஸ் பாட்டில். எட்டு மணி நேரம் ஏற்றிய பின் நூறு மில்லி மிச்சம் இருக்க வேண்டும். மணிக்கு எவ்வளவு? சமன்பாடு அமைத்து விடை காண்க. வார்டில் கேட்டிருந்தால் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே ஐம்பது என்று சொல்லியிருப்பார். இங்கே 500 − 8x = 100 என்று அழகாக எழுதினார். ஐந்நூறை அந்தப் பக்கம் தள்ளினார்; −8x = −400. அதுவரை ஒரு பிசகும் இல்லை.

அடுத்து எட்டைத் தள்ளினார். பெருக்கல் வகுத்தலாயிற்று. அங்கே நின்றிருக்க வேண்டும். ஆனால் குறி மாறும் என்று சொல்லியிருந்தேனே! −8 போகும்போது +8 ஆகிவிட்டது. விடை, மைனஸ் ஐம்பது.

அண்ணி அதையே வெறித்துப் பார்த்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரே ஒரு குறி. விரலால் தொட்டால் போதும். ஆனால் நான் சட்டம் தெரிந்தவன்; தேர்வு அதிகாரி வாசலில் நிற்கிறார், மாட்டிக்கொண்டால் அண்ணியின் தாளைத்தான் முதலில் கிழிப்பார்கள். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் மேல் வரிக்குப் போய் எதையோ அடித்துத் திருத்தினார். நூறு மைனஸ் ஐந்நூறு, நூறு பிளஸ் ஐந்நூறு ஆயிற்று. அறுநூறு. வகுத்தால் எழுபத்தைந்து. மைனஸ் போய்விட்டது. முகம் தெளிந்தது.

ஐயோ அண்ணி, எட்டால் பெருக்கிப் பாருங்கள் என்று எனக்குள் கத்தினேன். வெளியே சொல்ல எனக்கு அனுமதி இருந்தது ஒன்றுதான்.

“பத்து நிமிஷம் இருக்கு. எழுதினதை எல்லாரும் ஒருதரம் சரிபாருங்க.”

அறையில் யாரும் நிமிரவில்லை. அண்ணி மட்டும் கீழ்ப்படிந்தார். விரலை வைத்து வரிவரியாக, நான் சொல்லிக்கொடுத்த விதியை வைத்தே சரிபார்த்தார். பிறகு தாளை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மணி அடித்தது. தாள்களை எண்ணி, கட்டி, அரக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நடையில் அண்ணி காத்திருந்தார்.

“மைனஸ் வந்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு தம்பி. அப்புறம்தான் பார்த்தேன், ஐந்நூறுக்குப் பக்கத்துல மைனஸ் இருக்கு, அதைப் பிளஸா மாத்தாம விட்டிருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே மாத்தினேன். டாண்ணு எழுபத்தஞ்சு வந்துடுச்சு.”

மாடிப்படியில் நாலைந்து படி இறங்கினோம். அண்ணி நின்றுவிட்டார். இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், பாட்டில் இறங்குவதற்கு நேரம் பார்ப்பவரைப்போல.

“எட்டு மணி நேரத்துல அறுநூறு இறங்கிடும்” என்றார் மெதுவாக. “பாட்டில்லயே ஐந்நூறுதானே இருக்கு.”

சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அப்பவே பார்த்துட்டீங்க, இல்ல?”

“ஆமா அண்ணி.”

கோபப்படுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார்.

“பாவம், எப்படித்தான் நின்னீங்களோ” என்றார். “உங்க அண்ணன்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க தம்பி. நான்தான் சரியா படிக்கலைன்னு சொல்லிக்கிறேன்.”