பன் நின்ற பள்ளம்

கோடையில் தோணா, கடலோரத்து நீரோடை, அசையாது. ஆற்றுவாழை மூடிக் கிடக்கும் பச்சைக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா என்பதைக் கல்லெறிந்துதான் அறிய வேண்டும். கரைகளில் பள்ளக்காணி. சேற்றில் சம்பும் நீர்முள்ளியும், கடலை நெருங்க நெருங்கத் தில்லை மரங்களும். கடலுக்கும் தோணாவுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. மாரியில் மேற்கு வயல்களின் தண்ணீரெல்லாம் வந்து அந்த மேட்டில் முட்டித் திரும்பும். பள்ளக்காணி முழுவதும் தோணாவாகிவிடும். மாரி முடிந்தால் சேற்றை விட்டுவிட்டு உள்ளே போய்விடும்.

சீனிமுகம்மது மகளுக்கு வீடு கட்டத் தொடங்கியது அப்படியொரு துண்டில்தான்; விலைக்கு வாங்கியதல்ல. அவருடைய மனைவி றுகையாவுக்கு உம்மா கொடுத்த வளவின் பின்பக்கம் அது. முன்பக்கம் அவர்கள் வீடு. நடுவில் றுகையாவின் தங்கை நுஸ்ஹாவின் வீடு. பிறகு தோணா வரை சரிவு. இந்த ஊரில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு வேண்டும், மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியேறுவார். மகள் ஸப்னாவுக்கு நிக்காஹ் பேசி முடித்தாகிவிட்டது. சரிவைத் தவிர வேறு நிலம் இல்லை.

ஆவணியில் சரிவில் கிறவல் மண்ணைக் கொட்டி நிரப்பினார். சரிவின் நடுவே மெல்லிய பள்ளம் ஒன்று வளைந்து போனது. அதில் மட்டும் பாய் இழைக்கும் பன் புல் அடர்ந்து நின்றது. காய்ந்த நிலத்தில் ஏன் அது மட்டும் இத்தனை பச்சை என்று அவர் யோசிக்கவில்லை. வெட்டி எறிந்துவிட்டு மேலே கிறவலைப் போட்டார். சுவர்கள் இடுப்பளவு எழும்பியபோது மாரி தொடங்கியது.

நான்காம் நாள் காலை மழை விட்டது. கடற்கரையில் ஆட்கள் மணல்மேட்டை வெட்டினார்கள். மதியத்துக்குள் தோணா வடிந்தது. தில்லை மரங்களின் அடியில் சேற்றுக்கோடு தெரிந்தது. நுஸ்ஹாவின் குசினியில் மட்டும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

சீனிமுகம்மது வாசலில் நின்றார்.

“உள்ள வாங்க மச்சான்,” என்றாள் நுஸ்ஹா. “மீனுக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகத் தேவல்ல. இஞ்சயே தூண்டில் போடலாம்.”

அவள் கணவன் றிம்சான் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு வத்திரும்,” என்றார் சீனிமுகம்மது.

“ஓம் மச்சான், வத்திரும்,” என்றான் றிம்சான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“பின்னேரம் பள்ளிக்கூடத்துல தங்கப் போறம்,” என்றாள் நுஸ்ஹா. “ரெண்டு மூணு நாள்தானே.”

வளவின் தண்ணீர் பின்னால் நிரப்பிய கிறவலில்தான் முட்டி நிற்கிறது என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. வெட்டச் சொல்ல அவர்கள் இருவருக்கும் உரிமை இருந்தது. அவர்களுக்கும் ஒரு மகள் இருந்தாள். சொல்லவில்லை. றிம்சான் அடுத்த மூட்டையைத் தூக்கினான். கட்டில்காலில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது.

அவர் கேட்காமலே றிம்சானின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

பன் நின்ற பள்ளம் புது வீட்டின் மண்டபத்துக்கும் அறைக்கும் நடுவே போனது. அதை விட்டுவிட்டு மிச்சத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. அடிச்சுவரை உடைத்தார், கிறவலை வெட்டினார். வளவுப் பக்கத்துத் தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு தள்ளிக்கொண்டு வந்தது.

“என்ன செய்றீங்க!” றுகையா ஓடி வந்தாள். வெட்டைப் பார்த்தாள். தங்கையின் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள்.

ஸப்னா சேற்றுக்குள் இறங்கி வந்தாள்.

“இது காணாது வாப்பா. கரை இடிஞ்சி அடைக்குது. இன்னம் அகலமா வெட்டுங்க.”

“அகலமா வெட்டினா அறையும் போயிரும் புள்ள.”

“அரவாசி அறைய வச்சி என்ன செய்ற?”

அவர் சுவரின் அடுத்த கல்லைப் பெயர்த்தார். ஸப்னா அதை வாங்கி மேட்டில் போட்டாள்.

“மாப்புள ஊட்டுக்கு ஆரு சொல்ற?” என்றார் குனிந்தபடியே.

றுகையா அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். “நான் போறன். வேற ஆக்கள் சொல்லிக் கேள்விப்படக் கூடா.”

“வீடு இல்லயெண்டா வேணாமெண்டுதான் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும்.”

அவள் தண்ணீருக்குள் நடந்து போய்த் தெருவில் ஏறினாள். நுஸ்ஹா குசினி வாசலுக்கு வந்து, தன் வாசற்படியின் முதற்கல் வெளியே தெரிவதைப் பார்த்தபடி நின்றாள்.